ஆடி முடியாத வீதி

இது எங்கள் மேட்டு வீதியில் நடந்தது. நடந்தபோது யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது. இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து அது எப்படி, இது எப்படி என்று துருவித் துருவிக் கேட்பதால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நம்ப வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கோம்பைப்பாளையத்துக்கு மேற்கே மலை ஓரிடத்தில் வாய் திறந்திருக்கும். அந்த வாய் வழியாக ஆடி மாதம் காற்று புறப்பட்டு வந்து, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, கூரைத் தகரங்களைத் தட்டிப் பார்த்து, பெண்களின் முந்தானையை இழுத்து, ஆண்களின் வேட்டியைச் சோதித்து, ஆவணி பிறந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிழக்கே போய்விடும். அதை நாங்கள் திட்டிக்கொண்டே வரவேற்போம், திட்டிக்கொண்டே வழியனுப்புவோம்.

மேட்டு வீதியின் நடுவில் மயிலாத்தாளின் வீடு. காற்றாலைக் கம்பெனி ஆபீஸ் தோட்டத்தில் பதினோரு வருடமாகச் செடி பார்க்கிறவள், புருஷன் போன பிறகு அந்த வேலையை வைத்தே மகள் தேன்மொழியை வளர்த்துப் படிக்க வைத்தவள். ஆபீஸில் பிரித்து மிஞ்சிய ஒரு புல் தூரைக் கொண்டுவந்து தன் வாசற்படிக்கு இடது பக்கம் நட்டிருந்தாள். நர்சரிக்காரர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்வார்கள். மெல்லிய இலைகள் ஆளுயரம் எழும்பி வளைந்து, நுனியில் ஊதா நிறக் குஞ்சங்கள் தொங்குவதால் எங்களுக்கு அது குஞ்சப்புல். மாடு தின்னாது, சாமிக்கு ஆகாது, குழம்புக்கும் ஆகாது. பார்ப்பதற்கு மட்டும்தான். ஏழு வருடத்தில் அது இரண்டு பேர் கைகோத்தாலும் பிடிபடாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டன்று காற்று கொஞ்சம் அதிகமாகவே ஆடியது. குஞ்சப்புல் வீதியில் போகிறவர்கள் முகத்தில் எல்லாம் அடித்தது. பால்காரர் கண்ணில் குத்தியதும் மயிலாத்தாள் ஒரு பழைய சேலையைக் கிழித்து எடுத்து வந்து, காற்றோடு மல்லுக்கட்டி, புல்லை மொத்தமாக அள்ளிக் கொண்டை போடுவது போல இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது காற்று உள்ளே இருந்தது. அதை அவளும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

ஆவணி பிறந்தது. பக்கத்து வீதிகளில் காற்று நின்றுவிட்டது. எங்கள் வீதியில் நிற்கவில்லை. வீதியின் இரண்டு முனையிலும் கோடு போட்டாற்போல அந்தப் பக்கம் ஆவணி, இந்தப் பக்கம் ஆடி. மயிலாத்தாள் போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். புல் விரிந்தது, ஆனால் காற்று போகவில்லை. அதற்கு இடம் பழகிவிட்டிருந்தது.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, இரண்டாவது வாரம் வசதியாக இருந்தது, மூன்றாவது வாரம் அது எங்கள் உரிமையாகிவிட்டது. துவைத்துப் போட்ட துணி ஐந்து நிமிடத்தில் காய்ந்தது. கொடியிலிருந்து பறந்துபோன சட்டைகளை ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைத் திண்டில் குவித்துவைத்து, வரிசையில் நின்று அவரவருடையதை எடுத்துக்கொண்டோம். இரண்டு பேர் அடுத்தவர் சட்டையையே விரும்பி எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. ஆடியில் விதைத்தது எல்லாம் பிடிக்கும் என்பதால் எங்கள் வீதியில் ஊன்றியது எல்லாம் பிடித்தது. துணிக்கொடி கட்டிய முருங்கைக் கம்பு துளிர்த்தது, கட்சிக்கொடி நட்ட மூங்கில் துளிர்த்தது, செல்லப்ப வாத்தியார் மழைக்குப் பின் மண்ணில் ஊன்றி மறந்துவிட்டுப் போன கைத்தடிகூட நாலு இலை விட்டுவிட்டது. அவர் அதைப் பிடுங்க மனமில்லாமல் வேறு தடி வாங்கிக்கொண்டார்.

மாரியம்மன் கோயிலில் ஆடி முடியும்வரை வெள்ளிக்கிழமை தோறும் கம்மங்கூழ் ஊற்றுவது வழக்கம். ஆடி முடியவில்லை, ஆகவே கூழும் முடியவில்லை. வீட்டுக்கு ஒரு வெள்ளி என்று முறை வைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயுமாக ஊற்றி ஊற்றி, புரட்டாசிக்குள் வீதியில் பாதிப் பேருக்கு இடுப்புச் சுற்றளவு கூடிவிட்டது. மூலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாமியப்பன்தான் பாவம். ஆவணி முதல் தேதி ஏணி போட்டு ஆடித் தள்ளுபடி போர்டைக் கழற்றப் போனார். கீழே பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க, எதுக்குங்க கழட்டறீங்க? காத்து அடிக்குதுல்ல? காத்து நிக்கட்டும், அப்பறம் கழட்டுங்க."

அவர் ஏணியிலேயே நின்று யோசித்தார். கடையின் ஒரு பாதி எங்கள் வீதியில், மறு பாதி சந்தைப்பேட்டை வீதியில். கடைசியில் மேற்குக் கல்லாவில் தள்ளுபடி, கிழக்குக் கல்லாவில் முழு விலை என்று தீர்ப்பாகியது. சந்தைப்பேட்டை வீதிக்காரர்கள் சேலையைக் கிழக்கே பார்த்துத் தேர்ந்தெடுத்து, மேற்கே வந்து வாங்கினார்கள். முடி கலையும், அவ்வளவுதான் நஷ்டம்.

ஆனால் ஆடி என்றால் நல்லது மட்டுமா? கல்யாணம் கூடாது. புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வைகாசியில் கல்யாணமான ரங்கராஜ் தன் பெண்டாட்டியை ஆடிக்கு அனுப்பியவன் அனுப்பியபடியே நின்றான். ஐப்பசியில் பொறுமை போய், சந்தைப்பேட்டை வீதியில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்து அவளைக் கூட்டிவந்து வைத்தான். பகலில் ஆடியில் இருந்துவிட்டு ராத்திரிக்கு ஐப்பசிக்குப் போய் வந்தான்.

எல்லாரையும்விடப் பெரிய அடி மயிலாத்தாள் வீட்டுக்குத்தான். தேன்மொழிக்கு ஆவணி இருபதில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை நல்லசிவம் காற்றாலைகளில் ஏறி ரிப்பேர் பார்க்கிற பையன். எண்பது அடி உயரத்தில் நின்று வேலை செய்துவிட்டு இறங்கி, கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மயிலாத்தாளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தலை சுற்றிப்போனான் என்று அவனே சொல்வான். அவனுடைய அம்மா மரகதம் பக்கத்து ஊர், மூங்கில்துறை. சாத்திர சம்பிரதாயத்தில் நூல் பிசகாத மனுஷி. ராகு காலத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கி வைத்துக்கொள்வாள் என்று பேச்சு.

மரகதம் வந்து வாசலில் நின்றாள். காற்று அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டது. முடிந்துகொண்டே கோயில் பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். பூசாரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், குஞ்சப்புல்லைப் பார்த்தார்.

"பஞ்சாங்கத்துல ஆவணிதானுங்க. ஆனா வாசல்ல ஆடி. முகூர்த்தக்கால் பஞ்சாங்கத்துலயா நடுவாங்க? வாசல்லதானே நடோணும்."

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? பெண் வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றாமல் கல்யாணம் இல்லை. ஆவணி போய் ஐப்பசி ஆயிற்று, ஐப்பசி போய்த் தை, தை போய்ப் பங்குனி. மண்டபத்துக்கு நாள் குறிப்பதும் அழிப்பதுமாக இருந்தது. புல்லைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்று யாரோ ஒருவர் கேட்டதற்கு, நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எங்கள் சுயநலத்தை ஒளிக்க விரும்பவில்லை. கல்யாணம் அவள் வீட்டு விஷயம், காற்று எங்கள் எல்லாருடையதும் என்று நினைத்தோம்.

நல்லசிவம் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தான். வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவன் அம்மா சொல்லியிருந்ததால் வீதி முனையில், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். தேன்மொழி இந்தப் பக்கம் நின்றாள். அவள் பேசினால் காற்று கொண்டுபோய் அவன் காதில் சேர்க்கும். அவன் பேசுவது எதிர்காற்றில் வந்து சேராது. அதனால் அவள் பேசினாள், அவன் தலையாட்டினான். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பெண்கள், கல்யாணத்துக்குப் பின்னாலும் இதே மாதிரி இருந்தால் நல்லது என்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குஞ்சப்புல்லைப் பிரிப்பது மயிலாத்தாளுக்குத் தெரியாத வேலை இல்லை. ஆபீஸ் தோட்டத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைத்தான் செய்கிறாள். புல் வெளிவட்டமாகப் பெருத்துக்கொண்டே போகும், நடுப்பகுதி கிழண்டு கட்டையாகிவிடும். பிரித்து வேறு வேறு இடத்தில் வைத்தால் ஒவ்வொரு துண்டும் புதுப் புல். பிரிக்காமல் விட்டால் நடுவிலிருந்து செத்துக்கொண்டு வரும். பிரித்தால் காற்றும் துண்டு துண்டாகிச் சன்னமாகிவிடும் என்று அவளுக்கு முதல் மாதமே தோன்றிவிட்டது. இருந்தும் அவள் கடப்பாரையைத் தொடவில்லை. ஆடி இருக்கிறவரைக்கும் மகள் வீட்டில் இருப்பாள். காலையில் இரண்டு பேருக்கு டீ போடலாம். இதற்கு மேல் காரணம் கிடையாது.

சித்திரையில் காற்றுக்கு இளைப்பு வந்தது. விட்டு விட்டு அடித்தது, நடுநடுவே இருமியது. துணி காய அரைமணி ஆனது. ஒரு மத்தியானம் தேன்மொழி புல்லை இரண்டு கையாலும் விலக்கி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வா. நடுவுல பாரு."

உள்ளே சாணித் தட்டு அகலத்துக்கு வைக்கோல் நிறம். ஒரு பச்சை இல்லை.

"வெயிலு கண்ணு. தண்ணி ஊத்துனா செரியாயிரும்."

"ஆபீஸ்ல இப்பிடி ஆனா தண்ணியா ஊத்துவ?"

இலை விளிம்பு பட்டுத் தேன்மொழியின் முழங்கையில் கோடு கோடாகச் சிவந்திருந்தது. அதை மயிலாத்தாள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"உனக்குப் பிரிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. நீயா பண்ணுவேன்னு எட்டு மாசமா வாயத் தொறக்காம இருந்தேன். இது சாகறதுக்குள்ள பண்ணிரு."

"பிரிச்சா நீ போயிருவியே சாமி" என்றாள் மயிலாத்தாள். சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தேன்மொழி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். காற்று இருந்ததால் கண்ணீர் உடனே காய்ந்தது.

மறுநாளே மயிலாத்தாள் மூங்கில்துறைக்குப் போய், வைகாசி பன்னிரண்டு என்று நாள் கேட்டாள். மரகதம் சம்மதித்தாள், ஆனால் ஒரு கண்டிஷன்.

"முகூர்த்தக்காலுக்கு நான் வருவேனுங்க. வந்து உங்க வாசப்படியில ஒரு அகல் பத்த வெப்பேன். சுடர் ஆடாம நின்னா கால் நடலாம். ஆடுச்சுன்னா இன்னொரு வருசம் பார்த்துக்கலாம்."

மயிலாத்தாள் வரும் வழியிலேயே பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டாள்.

பிரிப்பதற்கு முந்தின நாள் மண்ணுக்கு நிறையத் தண்ணீர் விட்டு ஊற வைத்தாள். எந்தப் புல்லுக்கும், எந்தக் குழிக்கும் முதல் நாளே தண்ணீர், அது அவள் முறை. விடிந்ததும் அதே சேலைத் துணியால் புல்லை மறுபடி கொண்டை போட்டு, முழங்கால் உயரத்துக்குக் கீழே அரிவாளால் அறுத்தாள். குஞ்சங்களைக் குழந்தைகள் அள்ளிக்கொண்டு ஓடின. பிறகு சுற்றிலும் மண்ணை வெட்டி, கடப்பாரை போட்டு நெம்பி, நாலு ஆண்கள் கைகொடுக்கத் தூரை வெளியே சாய்த்தார்கள். வேரில் பழைய ரம்பம் இறங்கிய ஒவ்வொரு தடவையும் உஸ் என்று காற்று வெளியேறி, பிடித்துக்கொண்டிருந்தவர்களின் மேல்துண்டு எழும்பி எழும்பித் தணிந்தது. சாமியப்பனுடையது தலைப்பாகையாகவே சுற்றிக்கொண்டது. நடுக்கட்டையைத் தூக்கி ஓரமாக எறிந்தாள். மீதியை, துண்டுக்கு நாலைந்து முளையும் ஒரு கைப்பிடி வேருமாக, நாற்பத்து நான்காகப் பிரித்தாள். தழை அறுபட்ட துண்டு ஒவ்வொன்றும் சவரப் பிரஷ் மாதிரி இருந்தது.

பிறகு அம்மாவும் மகளும் பத்திரிகை வைக்கப் புறப்பட்டார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், பத்திரிகை, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு புல் துண்டு. வீடு வீடாக ஏறி, கிழக்கு பார்த்து நிற்க வைத்துக் கொடுத்தார்கள்.

"குடும்பத்தோட வந்துருங்க. இதை நெழலாப் பார்த்து நட்டுருங்க, பத்து நாளைக்குத் தண்ணி காட்டுங்க."

தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. காற்றைக் கேட்டு அடம்பிடித்தவர்கள் எல்லாருக்கும் காற்றில் ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பிடி. மொத்தமாய் இருந்தபோது கூரையைத் தூக்கிய காற்று, இப்போது நெற்றி வேர்வையை ஆற்றும் அளவுக்கு ஒவ்வொரு வாசலிலும் முனகிக்கொண்டிருந்தது. ரங்கராஜ் தன் பங்கை வாங்கிக் கொல்லைப்புறக் கடைசியில் நட்டுவிட்டு, அன்றைக்கே பெண்டாட்டியைக் கூட்டிவந்தான். சாமியப்பன் போர்டைக் கழற்றினார். கழற்றும்போது யாரும் கூடவில்லை என்பது அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

நாற்பத்து நான்காவது பத்திரிகை சம்பந்தி வீட்டுக்கு. மரகதம் தாம்பாளத்தை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது என்னுங்க?"

"எல்லா ஊட்டுக்கும் குடுத்தோமுங்க. உங்களுக்குக் குடுக்காம வுட்டா மரியாதையா இருக்குமுங்களா?"

மரகதம் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நாலு முளை. பாவமாக இருந்தது. எதிரிலேயே துணி துவைக்கிற கல் ஓரமாக ஊன்றிவைத்தாள்.

முகூர்த்தக்கால் அன்று காலையில் மயிலாத்தாளின் வாசல் காலியாக இருந்தது. புல் இருந்த இடத்தில் மூடிய மண். வீதி முழுக்க அங்கே கூடி நின்றது. மரகதம் முந்தானையிலிருந்து அகலை எடுத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டு, வாசற்படியில் வைத்து ஏற்றினாள். சுடர் எழுந்து நேராக நின்றது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பூசாரி பால்மரக் கிளையைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. நல்லசிவத்தின் முகம் வெளுத்துவிட்டது. எண்பது அடி உயரத்தில்கூட அவன் அப்படிப் பயந்ததில்லை.

"அது காத்தில்லீங்க சம்பந்தி" என்றாள் மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு. "நானுங்க. பெருமூச்சு வந்துருச்சு."

மரகதம் அவளையே வெகுநேரம் பார்த்தாள். சுடர் மறுபடி நிமிர்ந்து நின்றது.

"அந்தக் காத்துக்குத் தடை இல்லீங்க" என்றாள் மரகதம். "முகூர்த்தக்கால நட்டுருங்க சாமி."

கல்யாணம் வைகாசி பன்னிரண்டில் நடந்தது. அவியலில் உப்புக் கூடிப்போனதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. தேன்மொழி மூங்கில்துறைக்குப் போனாள். முறைப்படி அந்த ஆடிக்கு வந்து இருந்துவிட்டு, ஆவணியில் திரும்பினாள். அதன் பிறகு மயிலாத்தாள் காலையில் ஒருவருக்கு மட்டும் டீ போட்டாள். நாற்பத்து மூன்று வீட்டிலும் குஞ்சப்புல் முழங்கால் உயரம் தழைத்து ஊதாக் குஞ்சம் விட்டிருக்க, அவள் வாசலில் மட்டும் ஒன்றுமில்லை. ஆளுக்கொரு துண்டு பிரித்துத் தருகிறோம் என்று நாங்கள் கெஞ்சினோம். "இருக்கட்டுங்க, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டாள். தங்கமான மனசு என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனோம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி பஸ்ஸிலிருந்து தேன்மொழி ஒரு பையும் ஈரச் சாக்கு மூட்டையுமாக இறங்கினாள். பின்னாலேயே மரகதம் இறங்கினாள். அவள் கையிலும் ஒரு பை. வாசலில் கூட்டம் சேர நேரம் ஆகவில்லை.

"என்னாச்சு கண்ணு?" என்று பதறியது நாங்கள்தான், மயிலாத்தாள் அல்ல.

மரகதம்தான் பதில் சொன்னாள். "எங்க வாசல்ல மூணு நாளா ஆடிக்காத்து அடிக்குதுங்க. துவைக்கிற கல்லுகிட்ட நட்டது தண்ணியக் குடிச்சுக் குடிச்சு ஆளுசரம் வந்துருச்சு. காத்து அடிச்சா ஆடி. ஆடின்னா புதுப்பொண்ணு அம்மா ஊட்டுலதான் இருக்கோணும். மொறைன்னா மொறைதானுங்களே, அதான் கொண்டாந்து வுட்டேன். பையன் பொங்கித் தின்னட்டும்."

"நீங்க எங்கீங்க சம்பந்தி, பையோட?"

மரகதம் கொஞ்சம் தயங்கினாள். காற்று இல்லாத அந்த வாசலிலும் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்குக் கல்யாணமான வருசம் ஆடிக்கு எங்க மாமியார் அனுப்பலைங்க. கடலைக்காட்டுல களையெடுக்க ஆள் வேணும்னு நிறுத்திப்போட்டாங்க. எங்கம்மா பஸ் ஸ்டாப்புல வந்து நின்னு நின்னு பார்த்துட்டுப் போனாங்களாம். முப்பது வருசமாச்சு. அவங்க இன்னும் இருக்கறாங்க. இந்த ஆடிய வுடக்கூடாதுன்னு கெளம்பிட்டேன்."

மயிலாத்தாள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தேன்மொழி சாக்கு மூட்டையைப் பிரித்தாள். மாமியார் வீட்டுப் புல்லிலிருந்து பிரித்த ஒரு துண்டு, நாலு முளை, ஒரு கைப்பிடி வேர். பிரித்ததும் வாசலில் லேசாகக் காற்று அசைந்தது.

"இதை எங்க நடுறதும்மா?" என்றாள்.

மயிலாத்தாள் வாசற்படிக்கு இடது பக்கமாக நகர்ந்தாள். அங்கே ஒரு சாக்குத் துணி விரித்திருந்தது. அதைக் காலால் ஒதுக்கினாள். கீழே ஒரு முழ ஆழத்துக்குக் குழி. மண் கறுத்து, தளதளவென்று ஊறியிருந்தது. முதல் நாளே தண்ணீர் விட்டிருக்கிறாள்.

மரகதம் குழியைப் பார்த்தாள், ஈரத்தைப் பார்த்தாள், மயிலாத்தாளைப் பார்த்தாள். தாம்பாளத்தில் வந்த அந்த நாலு முளை அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.